சன்னி பர்ஜெஸ் ஏன் எல்விஸ் ஆகவில்லை?

கேள்வி இதுதான்: "எல்விஸ் பிரெஸ்லி, ஜானி கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ் எல்லோரும் பாடிய அதே சன் ரெக்கார்ட்ஸ் கம்பெனியில், அதே 1950-களில், சன்னி பர்ஜெஸ் என்று ஒருவரும் பாடியிருக்கிறார். பாட்டைக் கேட்டால் மற்றவர்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவராகத் தெரியவில்லை. யார் இவர்? ஏன் இவர் பெயர் வெளியே வரவே இல்லை?"

பதிலுக்கு முன்னால் ஒரு சின்னத் திருத்தம். பெயர் வெளியே வரவில்லை என்பது முழு உண்மை இல்லை. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், வடகிழக்கு மூலையில் 67-ஆம் நெடுஞ்சாலை என்று ஒரு நூறு மைல் சாலை இருக்கிறது. அந்தச் சாலையோரத்தில் யாரிடம் கேட்டாலும் அவரைத் தெரிந்திருக்கும். லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்களுக்கும் தெரியும். இடையில் இருக்கும் மீதி உலகத்துக்குத்தான் தெரியாது. ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு அவரைவிட முதலில் அவருடைய ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஊர் பெயர் நியூபோர்ட். ஒயிட் ரிவர் என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் மிசிசிப்பி சமவெளியின் பருத்திக் காடு, மறுபக்கம் ஓசார்க் மலைகளின் அடிவாரம். பெரிய ஊர் இல்லை. ஆனால் மாவட்டம் மாதிரியான அந்த ஜாக்சன் கவுண்டிக்கு ஒரு விசேஷம் இருந்தது: அங்கே மது விற்கலாம். 1933-ல் மதுவிலக்கு நாடு முழுக்க நீங்கிய பிறகும், விற்பதா வேண்டாமா என்பதை உள்ளூர் ஓட்டு மூலம் முடிவு செய்யும் உரிமை ஆர்க்கன்சாவில் கவுண்டிகளுக்கு இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பல கவுண்டிகள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டன. ஜாக்சன் வேண்டும் என்றது. பிறகு என்ன, சனிக்கிழமை ராத்திரி ஆனால் பக்கத்துக் கவுண்டி கார்கள் எல்லாம் 67-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து இங்கே வந்து நிற்கும். பீர் விற்கும் இடத்தில் கூட்டம் இருக்கும், கூட்டம் இருக்கும் இடத்தில் ஆட்டம் இருக்கும், ஆட்டம் இருந்தால் வாத்தியக்காரர்களுக்கு வேலை இருக்கும். நியூபோர்ட்டில் சில்வர் மூன் என்ற பெரிய நடன விடுதி. போர்க்கீஸ் ரூஃப்டாப் என்று மொட்டை மாடியில் இன்னொன்று. அதே சாலையில் வடக்கே போனால் ஸ்விஃப்டன் ஊரில் இன்னும் ஒரு கிளப். எல்விஸ் உலகப் புகழ் அடைவதற்கு முந்தைய வருடமான 1955-ல் இந்தச் சாலையில் இந்த மாதிரி இடங்களில்தான் பாடிக்கொண்டு திரிந்தார்.

ஒரு இடைச்செருகல், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே நியூபோர்ட்டில் 1945-ல் சாம் வால்டன் என்ற இளைஞர் ஒரு சில்லறைக் கடையை எடுத்து நடத்தினார். வியாபாரம் நன்றாகப் போனது. கட்டட உரிமையாளர் குத்தகையை நீட்டிக்க மறுத்துவிட்டார். 1950-ல் அவர் மூட்டை கட்டிக்கொண்டு மாநிலத்தின் மறுமூலைக்குப் போனார். அங்கே பிற்பாடு உருவானதுதான் வால்மார்ட். ஆக, அந்த ஊரைவிட்டுக் கிளம்பி உலகப் பணக்காரர் ஆனவர் ஒருவர் உண்டு. பர்ஜெஸ் கிளம்பாதவர்.

அவருடைய முழுப்பெயர் ஆல்பர்ட் ஆஸ்டின் பர்ஜெஸ். 1929 மே 28-ல் நியூபோர்ட் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1948-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். அந்தக் காலத்து ஆர்க்கன்சா கிராமத்துப் பையனுக்கு சங்கீதம் வானொலி வழியாகத்தான் வரும். சனிக்கிழமை இரவு நாஷ்வில்லில் இருந்து ஒலிபரப்பாகும் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சி, அது கன்ட்ரி என்கிற வெள்ளையர் கிராமத்து இசையின் கோயில் மாதிரி. அலைவரிசையைக் கொஞ்சம் திருப்பினால் கறுப்பினப் பாடகர்களின் ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ். பள்ளிக்கூடத்திலும் உணவு விடுதியிலும் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைத்திருந்த சட்டத்தால் ரேடியோ அலையைப் பிரிக்க முடியவில்லை. ராக்கபில்லி என்ற கலவை பிறந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

அந்தப் பெயரையே பாருங்கள். ராக் அண்ட் ரோலில் இருந்து பாதி, ஹில்பில்லியில் இருந்து பாதி. ஹில்பில்லி என்றால் மலைக்காட்டுப் பட்டிக்காட்டான் என்கிற கேலி. பெயரிலேயே ஏளனம் உண்டு. வெள்ளைக்காரக் கிராமத்துப் பையன்கள் கன்ட்ரி கிட்டாரை வைத்துக்கொண்டு பூகி என்கிற, கறுப்பர்களின் துள்ளல் தாளத்தை வாசித்தார்கள். விஷயம் அவ்வளவுதான். தாளத்துக்குப் பெரும்பாலும் டிரம்ஸ்கூட இருக்காது. ஆள் உயர டபுள் பாஸின் தந்தியைச் சுண்டி இழுத்து விடுவார்கள். அது கட்டையில் 'டக்' என்று மோதும். உடனே உள்ளங்கையால் ஒரு தட்டு. அந்த 'டக்-டக்' சத்தம்தான் மத்தளம். எல்விஸின் முதல் இசைத்தட்டில், 1954-ல், மொத்தமே மூன்று பேர், டிரம்ஸ் கிடையாது.

பர்ஜெஸ் 1950-களின் தொடக்கத்தில் நண்பர்களோடு ஒரு குழு அமைத்து வாசித்துக்கொண்டிருந்தார். பியானோவில் கெர்ன் கென்னடி, பாஸில் ஜானி ரே ஹப்பர்ட். குழுவுக்கு ராக்கி ரோட் ராம்ப்ளர்ஸ் என்று பெயர். நடுவே ராணுவ சேவை வந்தது. 1951 முதல் 1953 வரை ராணுவத்தில் இருந்தார். ஜெர்மனியில் பணி, அங்கேயும் வாசித்தார். திரும்பி வந்ததும் பழைய நண்பர்களோடு மறுபடி சேர்ந்தார். இந்த முறை பெயர் மூன்லைட்டர்ஸ். சில்வர் மூன் விடுதியில் வாசிப்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். எல்விஸ் நியூபோர்ட்டுக்கு வந்தபோது அவருக்கு முன்னால் மேடையேறிக் கூட்டத்தைச் சூடேற்றியவர்கள் இவர்கள்தான். எல்விஸ் பாடிய சன் கம்பெனி மெம்ஃபிஸில் இருந்தது, காரில் சுமார் 90 மைல். நாமும் போய்ப் பார்ப்போமே என்று கிளம்பினார்கள்.

மெம்ஃபிஸ், 706 யூனியன் அவென்யூ. சாம் ஃபிலிப்ஸ் 1950-ல் தொடங்கிய ஒலிப்பதிவுக் கூடம். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம், இப்போது வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, அவர் கையில் ஒரு வித்தை இருந்தது. பாடும் குரலை ஒரு டேப் இயந்திரத்தில் ஓடவிட்டு, இரண்டாவது இயந்திரத்தின் வழியே கண்ணிமைக்கும் நேரம் தாமதமாக மறுபடி கலந்துவிடுவார். டேப்பில் ஒலியைப் பதியும் முனைக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் (இவற்றை 'ஹெட்' என்பார்கள்) நடுவே இருக்கும் சின்ன இடைவெளிதான் அந்தத் தாமதம், சுமாராக ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு. சின்ன அறையில் பாடிய குரல் பெரிய மண்டபத்தில் மோதித் திரும்புவது போல் கேட்கும். சன் ரெக்கார்ட்ஸின் 'அந்தச் சத்தம்' என்று எல்லோரும் உருகுவது இதைத்தான். இரண்டு, அவரிடம் எப்போதுமே காசு இருக்காது. 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ கம்பெனிக்கு 35,000 டாலருக்கு விற்றதும் பெரிதும் அதனால்தான்.

பர்ஜெஸ் குழுவைக் கேட்ட ஃபிலிப்ஸ், சத்தம் போதவில்லை, இன்னும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். அவர்களும் சேர்த்தார்கள். கிட்டாருக்கு ஜோ லூயிஸ், டிரம்ஸுக்கு ரஸ் ஸ்மித். ஜாக் நான்ஸ் என்று ஒருவர், அவர் கையில் டிரம்பெட். ராக்கபில்லியில் டிரம்பெட்! சாம்பாரில் முந்திரிப் பருப்பு போட்ட மாதிரி. யாரும் செய்வதில்லை, ஆனால் இந்தக் குழு செய்தது. பெயரையும் மாற்றினார்கள். பைப்பர் பேசர் என்று ஒரு குட்டி விமானம் உண்டு, அதிலிருந்து எடுத்து 'பேசர்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள்.

1956 மே மாதம் ஒலிப்பதிவு. ஒரு பக்கம் 'ரெட் ஹெடட் வுமன்', மறுபக்கம் 'வீ வான்னா பூகி'. இசைத்தட்டு எண் சன் 247.

நான் இதை முதன்முதலில் ஒரு சன் ரெக்கார்ட்ஸ் தொகுப்பு சிடியில் கேட்டேன். முன்னால் ஜானி கேஷ் பாட்டு ஒன்று, அளவாக, ரயில் வண்டி மாதிரி தாளம் தப்பாமல் போய் முடிந்தது. அடுத்தது இது. சிடி பிளேயர் கெட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். குரல் பாட்டுக்கும் கத்தலுக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது. மைக் தாங்க முடியாமல் கரகரக்கிறது. பியானோ ஒரு பக்கம் இடிக்கிறது, அதன் மேல் டிரம்பெட் ஏறி உட்காருகிறது. யாரும் யாருக்கும் வழி விடவில்லை. இரண்டரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மறுபடி போட்டுக் கேட்டேன். இரண்டாவது தடவைதான் புரிந்தது, இது குழப்பம் இல்லை. ஆறு பேரும் சரியாக ஒரே தாளத்தில் இருக்கிறார்கள். சத்தம்தான் அறையைவிடப் பெரிதாக இருக்கிறது. பெரிய நடனக் கூடத்தில் பின்வரிசைவரை கேட்க வேண்டும் என்று பழகிய குழு, அதே வேகத்தோடு ஒரு சின்ன அறைக்குள் வந்து வாசித்திருக்கிறது.

என் கணிப்பில் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த இடத்திலேயே வந்துவிட்டது. பேசர்ஸ் பார்க்க வேண்டிய குழு. மேடையில் பர்ஜெஸ் சிவப்பு உடுப்பு, சிவப்பு ஷூ, சிவப்பு கிட்டார். போதாததற்குத் தலைமுடிக்கும் சிவப்புச் சாயம். பாடியதோ சிவப்புக் கூந்தல்காரியைப் பற்றிய பாட்டு. வாசித்துக்கொண்டே ஒருவர் மேல் ஒருவர் ஏறி மனிதப் பிரமிடு கட்டுவார்கள். கிட்டாருக்கு நீளமான வயர் போட்டு வைத்திருப்பார்கள்; மேடையில் இருந்து குதித்து, ஆடுகிற கூட்டத்துக்குள்ளேயே புகுந்து வாசிப்பார்கள். இவர்களுக்குப் பின்னால் மேடையேற வேண்டிய பெரிய பெயர்க்காரர்கள் கொஞ்சம் யோசித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இதில் எதை ஏழு அங்குல இசைத்தட்டில் அடைக்க முடியும்? பிரமிடு தெரியாது, சிவப்பு தெரியாது. வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்குக் கிடைப்பது கரகரப்பு மட்டும்தான்.

அந்த இசைத்தட்டு ஒன்றும் தோற்றுப்போகவில்லை. சுமார் 90,000 பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் அது பெரிய விஷயம். ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள்: அதே வருடத் தொடக்கத்தில் அதே கம்பெனியில் வெளியான கார்ல் பெர்கின்ஸின் 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' பத்து லட்சத்தைத் தாண்டியது. அது கன்ட்ரி, பாப், ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று மூன்று பட்டியலிலும் ஏறியது. பர்ஜெஸின் பாட்டை எந்த ரேடியோவில் போடுவது? கன்ட்ரி நிலையத்துக்கு இது கூச்சல். கறுப்பினக் கேட்பாளர்களுக்கான நிலையத்துக்கு அவர்களிடமே இதைவிட நல்ல சரக்கு இருந்தது. பதினாறு வயதுப் பெண்கள் தலையணையில் முகம் புதைத்துக் கேட்கும் காதல் பாட்டும் இது இல்லை. எல்விஸ் இந்தப் பக்கம் உறுமினால் அந்தப் பக்கம் உருகவும் தெரிந்தவர். பர்ஜெஸுக்கு உருகுவது கைவந்த கலை இல்லை. நான் அவருடைய ரசிகன்தான், ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், சாம் ஃபிலிப்ஸின் சட்டைப்பை. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் விளம்பரம் செய்ய அவரால் முடியும். 1956-ல் அது பெர்கின்ஸ். அவர் மார்ச் மாதம் கார் விபத்தில் அடிபட்டுப் படுத்தார். கேஷ் வளர்ந்துகொண்டிருந்தார். 1957-ல் ஜெர்ரி லீ லூயிஸ் வெடித்தார், கம்பெனியின் பணம், கவனம் எல்லாம் அவர் பக்கம் போனது. பக்கத்து ஊரான பொகஹாண்டஸ்காரர், பாடகர் பில்லி லீ ரைலியும் இதே மாதிரி ஓரங்கட்டப்பட்டவர்தான். அவர் கோபக்காரர், கம்பெனிக்கே போய் ரகளை செய்தார் என்று கதை உண்டு. பர்ஜெஸ் ரகளை செய்ததாக ஒரு கதையும் இல்லை.

மொத்தம் ஐந்து இசைத்தட்டுகள் வந்தன. சன் பெயரில் நான்கு, அதன் கிளையான ஃபிலிப்ஸ் இன்டர்நேஷனல் பெயரில் ஒன்று. 1957-ன் 'ரெஸ்ட்லெஸ்' எனக்குப் பிடித்தது. 'மை பக்கெட்ஸ் காட் எ ஹோல் இன் இட்' விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய பாட்டு, ஹாங்க் வில்லியம்ஸ் 1949-லேயே கன்ட்ரியில் பிரபலப்படுத்தியது. பர்ஜெஸ் அதை எடுத்து ராக்கபில்லியாகத் திருப்பினார். கிட்டத்தட்ட அதே சமயம், 1958-ல், ரிக்கி நெல்சன் பதிவு செய்த அதே பாட்டு வெளியாகி நாடு முழுக்க ஓடியது. நெல்சன் யார்? அமெரிக்காவில் வாரா வாரம் வீடு தேடி வந்த ஒரு டிவி தொடரின் அழகுப் பையன். பாட்டு முடிந்த கையோடு லட்சக்கணக்கான வீடுகளில் முகம் தெரியும். நியூபோர்ட் பக்கத்து விடுதிகளில் வாசிப்பவர் இதோடு எப்படிப் போட்டி போடுவது?

குழுவும் கலைந்தது. டிரம்பெட் நான்ஸும் கிட்டார் லூயிஸும் கான்வே ட்விட்டி என்ற பாடகர் பக்கம் போனார்கள். ட்விட்டியின் நிஜப் பெயர் ஹரோல்ட் ஜென்கின்ஸ். ஆர்க்கன்சாவில் ஹெலினா ஊரில் வளர்ந்தவர். அவரும் சன் கம்பெனியில் பாடிப் பார்த்தார். அப்போது அவர்கள் வெளியிடவே இல்லை. 1958-ல் வேறு கம்பெனியில் 'இட்ஸ் ஒன்லி மேக் பிலீவ்' என்ற பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டை ட்விட்டியோடு சேர்ந்து எழுதியவர் நம்ம டிரம்பெட் ஜாக் நான்ஸ்தான்! நியூபோர்ட் விடுதியில் பிரமிடு கட்டியவர் நாட்டின் முதலிடப் பாட்டுக்கு ஆசிரியர். அதே வருடம் இன்னொரு ஆர்க்கன்சாக்காரர், பாடகர் ரானி ஹாக்கின்ஸ் கனடாவுக்கு வண்டி ஏறினார். அவரோடு போன டிரம்ஸ் பையன் லெவன் ஹெல்ம், பின்னால் 'தி பேண்ட்' குழுவில் உலகப் புகழ் பெற்றார். வெளியே போனவர்களுக்கு வழி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1958 மார்ச்சில் எல்விஸ் ராணுவத்துக்குப் போனார். மே மாதம் ஜெர்ரி லீ லூயிஸின் திருமண விவகாரம் லண்டனில் வெடித்து அவர் மார்க்கெட் சரிந்தது. வானொலி மென்மையான பையன்களைத் தேடத் தொடங்கியது. 1960 பிறந்தபோது பர்ஜெஸின் ஐந்தாவது இசைத்தட்டோடு சன் கணக்கு முடிந்தது. 1969-ல் கம்பெனியே ஷெல்பி சிங்கிள்டன் என்பவருக்குக் கைமாறியது.

அதற்குப் பிறகும் பர்ஜெஸ் வாசிப்பதை நிறுத்தவில்லை. கிங்ஸ் ஃபோர் என்ற குழுவோடு 1970 வரை அதே சுற்றுவட்டார விடுதிகளில் வாசித்தார். பேசர்ஸ் பெயரை டிரம்ஸ் வாசித்த பாபி கிராஃபோர்ட் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் பர்ஜெஸ் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனார். என்ன வேலை தெரியுமா? தையல் சாமான் விற்பனைப் பிரதிநிதி. செயிண்ட் லூயிஸ் நகரக் கம்பெனி ஒன்றுக்காக, துணிகளில் வைத்துத் தைக்கும் லேஸ், பார்டர் சரக்கைக் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். மனிதப் பிரமிடின் நடுவில் சிவப்பு முடியோடு கத்தியவர், ஜவுளிக்கடை கவுன்டரில் லேஸ் அளவைப் பேசுகிறார். சோகக் கதையாக எழுதுபவர்களுக்கு இந்த இடம் லட்டு மாதிரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டாளிகள் பஸ் ஏறிப் போனபோது தானும் ஏறாமல் இருந்தவர் அவர். ஊர், குடும்பம், மாதச் சம்பளம் எல்லாம் கூடவே இருந்தன. அவருடைய சாலை 67-தான், அதில் கிட்டாருக்குப் பதில் லேஸ் பெட்டி.

இதற்கு நடுவில் அவருக்குத் தெரியாமலே ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1970-களில் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் இளைஞர்கள் பழைய ராக்கபில்லிக்குப் பைத்தியமாகிக் கிடந்தார்கள். அமெரிக்கா மறந்த இசைத்தட்டுகளை அவர்கள் தோண்டினார்கள். லண்டனின் சார்லி ரெக்கார்ட்ஸ், சன் கம்பெனியின் பழைய டேப்புகளை உரிமம் வாங்கி வெளியிட்டது. அதில் அன்றைக்கு வெளிவராமலே அலமாரியில் தூங்கிய பர்ஜெஸ் பாட்டுகள் எக்கச்சக்கம். ஜெர்மனியின் பேர் ஃபேமிலி கம்பெனி அவருடைய சன் காலத்து ஒலிப்பதிவுகளை மொத்தமாகத் தொகுத்தே போட்டது. ஐந்து இசைத்தட்டுக்காரர் என்று நினைத்தவரிடம் இத்தனை பாட்டா என்று ஐரோப்பா அசந்தது. அந்தக் காலத்தில் வானொலிக்காரர்கள் முகம் சுளித்த அதே கரகரப்பைத்தான் இவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பும் வரும்.

1986-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நாட்டார் கலை விழாவில் பழைய சன் ஆட்களைக் கூட்டி ஒரு குழு வாசித்தது. சன் ரிதம் செக்‌ஷன் என்று பெயர். எல்விஸுக்கு டிரம்ஸ் வாசித்த டி.ஜே. ஃபொண்டானா, ராக் அண்ட் ரோல் ட்ரியோ குழுவின் கிட்டார் பால் பர்லிசன், எல்விஸின் சன் காலப் பாட்டுகளில் சிலவற்றை எழுதிய ஸ்டான் கெஸ்லர் எல்லோரும் அதில் உண்டு. பாடியதும் கிட்டார் வாசித்ததும் பர்ஜெஸ். பெரும்பாலோருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. அடுத்த பல வருடங்கள் நாடு நாடாகச் சுற்றினார்கள்.

1992-ல் கிட்டார் கலைஞர் டேவ் ஆல்வினோடு சேர்ந்து 'டென்னசி பார்டர்' ஆல்பம். கன்ட்ரி பாடும் பர்ஜெஸைத் தெரிந்துகொள்ள நினைத்தால் இதைக் கேளுங்கள். 1996-ல் ரவுண்டர் கம்பெனி வெளியிட்ட ஆல்பத்தைத் தயாரித்தவர் பிரபல ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் குழுவின் பாஸ் கலைஞர் கேரி டாலன்ட். அதில் ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிய ஒரு பாட்டையும் பர்ஜெஸ் பாடியிருக்கிறார். பழைய பேசர்ஸ் ஆட்கள், பியானோ கென்னடி, பாஸ் ஹப்பர்ட், டிரம்ஸ் கிராஃபோர்ட் எல்லோரும் 'லெஜண்டரி பேசர்ஸ்' என்ற பெயரில் மறுபடி கூடினார்கள். 1999-ல் ஐரோப்பிய ராக்கபில்லி ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது. அமெரிக்காவின் ராக்கபில்லி ஹால் ஆஃப் ஃபேம் அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் விழித்துக்கொண்டது.

2009-ல் ஆர்க்கன்சா சட்டசபை, 67-ஆம் நெடுஞ்சாலையில் ஜாக்சன், லாரன்ஸ், ராண்டால்ஃப் கவுண்டிகள் வழியே போகும் பகுதிக்கு 'ராக் அண்ட் ரோல் ஹைவே' என்று பெயர் வைத்தது. பீர் குடிக்க மக்கள் கார் ஓட்டி வந்த அதே சாலை. அந்தச் சாலையில் வால்நட் ரிட்ஜ் என்று ஓர் ஊர். 1964 செப்டம்பரில் பீட்டில்ஸ் குழு ஓய்வுக்காக ஒரு பண்ணைக்குப் போகும் வழியில், அந்த ஊரின் சின்ன விமான நிலையத்தில் இறங்கி விமானம் மாறினார்கள். இருந்தது சில நிமிடங்கள். அதற்கே ஊர்க்காரர்கள் சிலை வைத்திருக்கிறார்கள்! பக்கத்திலேயே ஐம்பது வருடத்துக்கு மேல் வாசித்தவரைக் கவனிக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

அவரைப் போல இன்னும் சிலர் உண்டு. மிசிசிப்பியின் சார்லி ஃபெதர்ஸ், ஆர்க்கன்சாவின் ஸ்லீப்பி லாபீஃப். இருவருமே வாழ்நாள் முழுக்க வாசித்தவர்கள், பெரிய ஹிட் இல்லாதவர்கள். பர்ஜெஸைப் பிடித்தால் இவர்களிடமும் போவீர்கள்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு வானொலி நிகழ்ச்சியும் இருந்தது. ஜோன்ஸ்போரோவில் ஆர்க்கன்சா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேஏஎஸ்யூ நிலையம், 91.9 எஃப்எம். ஜூன் டெய்லரோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பழைய பாட்டுகளைப் போட்டுப் பேசுவார். கூடவே கச்சேரிகளும். 2017 கோடையில் வீட்டில் தவறி விழுந்தார். அதிலிருந்து தேறவில்லை. ஆகஸ்ட் 18-ல் லிட்டில் ராக் நகரில் இறந்தார். வயது 88.

எதில் தொடங்கிக் கேட்பது என்று அடுத்த கேள்வி வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வானொலி நிகழ்ச்சிக்கு அவர் வைத்த பெயரிலேயே தொடங்குங்கள்: 'வீ வான்னா பூகி'. 1956-ல் முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் போன பாட்டு. மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், வெறும் இரைச்சலாக இருக்கும். நல்ல பெட்டி இருந்தால் அதில் சத்தமாக வையுங்கள், டிரம்பெட் எங்கே நுழைகிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு 'ரெட் ஹெடட் வுமன்', பிறகு 'ரெஸ்ட்லெஸ்'. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் அவரையும் உட்கார வையுங்கள்.